ஏழாம் அடியில் கூப்பிடுவார்கள்

என் அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். பெரியப்பாவும் சித்தப்பாக்களும் அதே தெருவில் எதிரும் புதிருமாகக் கடை போட்டு, பகலெல்லாம் ஒருவர் வாடிக்கையை ஒருவர் இழுத்துக்கொண்டு, சாயங்காலமானால் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். எங்கள் வீட்டில் பிறந்த குழந்தை 'அம்மா' என்பதற்கு முன்னால் 'கட்டுப்படியாகாது' என்று சொல்லும் என்பார்கள். நான் இரண்டையும் ஒரே வாரத்தில் சொன்னதாகக் கேள்வி.

வாங்குவதற்கு எங்கள் குடும்பத்தில் இரண்டே விதிகள். பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டக் கூடாது. விலை படியவில்லையென்றால் எழுந்து வாசலைப் பார்த்து நடந்துவிட வேண்டும். ஏழாம் அடியில் கூப்பிடுவார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ பேரை ஏழாம் அடியில் கூப்பிட்டவர் என்பதால் அவர் கணக்கு தப்பாது. பத்தாம் அடி வரைக்கும் விட்டால் அந்தக் கடைக்காரன் பிடிவாதக்காரன். பன்னிரண்டைத் தாண்டி அப்பா எந்தக் கடையிலும் நடந்ததில்லை.

இந்தப் பெருமையெல்லாம் இப்போது எதற்கு என்றால், என் மனைவிக்கு ஒரு கம்பளி லெக்கிங்ஸ் வாங்கப் போனதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் குளிர்கிடங்கில் வேலை பார்த்தாள். உறைந்த பட்டாணி, மீன், ஐஸ்கிரீம் என்று பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் கூடம். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. எந்தக் கடைக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் வரும். அதைப் பார்த்துப் பெட்டிகளை எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் உள்ளே, கால் மணி நேரம் வெப்ப அறையில். அது ஒரு சுற்று. ஒரு நாளைக்கு நாலு சுற்று.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவளாகத் தேடி, அவளாக விண்ணப்பம் எழுதி, என் சிபாரிசு இல்லாமல் கிடைத்த வேலை. என் சிபாரிசு செல்லுபடியாகிற இடம் நாங்கள் பிழைக்க வந்த இந்தக் குளிர் ஊரில் ஒன்றுமே இல்லை என்பது வேறு விஷயம். நான் திரைச்சீலைக் கடையில் மீட்டர் மீட்டராகத் துணி கிழிப்பவன். முதல் நாள் வேலை முடிந்து வந்ததும் கழுத்து அட்டையைக் கழற்றிக் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். மஞ்சள் நாடா. மஞ்சள் என்றால் தற்காலிகம், மூன்று மாதம் தாண்டினால் நீலம் தருவார்களாம். அட்டையில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது, பின்னால் என் பெயர் ஒட்டிக்கொண்டு வரவில்லை. தலை வாரும்போதெல்லாம் தன் முகத்தை ஒரு தரமும் அந்த அட்டையை இரண்டு தரமும் பார்ப்பாள்.

சிக்கல் கால்களில் வந்தது. கம்பெனி கொடுத்த பஞ்சு வைத்த கால்சட்டை ஆண்களுக்கு வெட்டியது. அவள் உள்ளே நுழைந்தால் இன்னொரு ஆள் கூடவே நுழையலாம். அதற்குள்ளே அவள் போட்டுக்கொண்டது நான் பெருமையாக எடுத்துக் கொடுத்த பருத்தி. பெட்டி தூக்கும்போது வேர்க்கும், பருத்தி அந்த வேர்வையைக் குடித்துக்கொள்ளும், பிறகு பத்து நிமிஷத்தில் கால் முழுக்க ஈரத் துணி சுற்றி ஐஸில் வைத்த மாதிரி. இரண்டு தடவை பாதிச் சுற்றில் வெளியே வந்துவிட்டாள்.

"முட்டிக்குக் கீழ கால் இருக்கான்னே தெரியலைங்க. குனிஞ்சு பார்த்துதான் தெரிஞ்சுக்கிறேன்" என்றாள்.

மேற்பார்வையாளர் எதற்கெடுத்தாலும் மணிக்கட்டைப் பார்க்கிறவர். அதனால் பெண்களெல்லாம் அவருக்குக் கடிகாரக்காரர் என்று பேர் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. அன்றைக்கு நாலு சுற்றும் முழுசாக நின்றால் நீல நாடா. நிற்க முடியாவிட்டால் அட்டையைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அங்கே பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் அக்கா, பட்டாணிப் பெட்டியில் ஒட்டும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். 'மெரினோ கம்பளி. 250. உடம்போட ஒட்டணும், இறுக்கக் கூடாது. இடுப்பு உசரமா இருக்கணும். பருத்தி கூடவே கூடாது.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

"கூடவே கூடாதாமா? பருத்தியைப் பத்தி இந்தம்மாவுக்கு என்ன தெரியும்?" என்றேன். எங்கள் வம்சத்தையே கோடு போட்டு அடித்த மாதிரி இருந்தது.

"பதினாலு வருஷமா அங்க இருக்காங்க. ரெண்டு காலும் இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். அந்த மாதிரிச் சரக்கு வைத்திருப்பது ஊரில் ஒரே கடைதான். மலையேறுகிறவர்களுக்கான கடை. கயிறு, கூடாரம், ஆள் உயரப் பைகள் எல்லாவற்றையும் தாண்டி, பின்சுவரில் பெண்கள் உள்ளுடை. விற்பனைப் பெண் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டிருந்தாள், மருத்துவர் குழாய் போட்டிருக்கிற மாதிரி. சீட்டை வாங்கிப் படித்தாள்.

"எழுதினவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றாள். "எங்க வேலை?"

"குளிர்கிடங்குல."

"அப்ப மெல்லிசு சரிப்படாது. நூத்தி அம்பது ஓடுறவங்களுக்கு. நிக்கிறவங்களுக்கு இருநூத்தி அம்பதுதான்." சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கும் என்பதுதான் அந்த எண் என்று விளக்கினாள். எனக்கே விளக்கினாள்! நான் பொறுமையாகத் தலையாட்டினேன்.

கறுப்பு லெக்கிங்ஸ் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தாள். தையல்கள் தட்டையாக, தோலில் உரசாத மாதிரி. தொடைக்கு நடுவே தனியாக ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள், குனிந்து நிமிரும்போது இழுக்காது. என் விரல் தானாகப் போய் ஓரத்தைக் கிள்ளியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பார்ப்பது எங்கள் குடும்ப வியாதி. சொக்கிப் போனேன். அப்படி ஒரு நூல். கம்பளி என்றால் கழுத்தைக் கடிக்கும் என்று நினைத்தவன் நான். இது பூனையின் வயிற்றுப் பக்கம் மாதிரி இருந்தது.

முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

"ஐயோ, எவ்வளவு மெத்துன்னு இருக்கு!" என்றாள் என் மனைவி.

மேஜைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன்.

அவள் சம்பளக்கார வீட்டுப் பெண். பிடித்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லும் ஆபத்தான பழக்கம் அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் உண்டு.

"சுமார்தான். ரெண்டு தடவை துவைச்சா தொடைகிட்ட ஓட்டை விழுந்துடும்" என்றேன்.

"ரெண்டு தடவையில விழாது சார். ரெண்டு குளிர்காலத்துல விழும்" என்றாள் விற்பனைப் பெண். "தொடை உரசுற இடத்துல எல்லாருக்கும் போகத்தான் செய்யும். வெந்நீர்ல போடாதீங்க, சுருங்கிடும்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. தன் சரக்கைத் தானே குறை சொல்லும் வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. இது புது மாதிரித் தூண்டில் போலிருக்கிறது என்று உஷாரானேன்.

அவள் நாடாவை எடுத்து மனைவியின் இடுப்பையும் தொடையையும் அளந்தாள். "மீடியம். சரியா உட்காரும். உங்க அளவுல இருநூத்தி அம்பது இது ஒண்ணுதான் இருக்கு அக்கா. சீசன் முடியப் போகுது, இனி சரக்கு வராது."

நான் சிரித்துவிட்டேன். கடைசிப் பீஸ்! கிடங்கில் நாற்பது கட்டு இருக்கும்போதே, ஒரே சட்டைத் துணியை ஒரே நாளில் பதினோரு பேருக்குக் 'கடைசிப் பீஸ்' என்று விற்றவர் என் அப்பா. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஊருக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

"சரிம்மா. முடிவா சொல்லு. கால்வாசி குறைச்சுக்கோ, எடுத்துக்கிறோம்."

"விலை சீட்டுல இருக்கே சார்."

"சீட்டு ஊருக்கு. எனக்கு என்ன விலை?"

"உங்களுக்கும் அதேதான் சார்."

"என்னங்க, எடுத்துடலாம்" என்றாள் மனைவி. "நாளைக்குக் காலைல வேணும்."

எதிராளிக்கு முன்னால் அவசரத்தைச் சொன்னால் பிறகு பேரத்தில் என்ன மிச்சம்? இரண்டாவது தடவையும் மிதித்தேன். அதே காலைத்தான். பிறகு முதுகை நிமிர்த்தி, "பரவாயில்லை, வேற இடத்துல பார்த்துக்கிறோம்" என்று சொல்லி, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. கூடாரங்களைத் தாண்டினோம். ஐந்து, ஆறு. ஏழாம் அடியில் வேகத்தைக் குறைத்தேன், கூப்பிடுகிறவளுக்கு வசதியாக. கயிறுகள் தொங்கும் இடத்தில் பத்து. கதவுப் பிடியில் கை வைத்தபோது பன்னிரண்டு. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்ப்பது மகா பாவம் என்பதால் பார்க்கவில்லை. தெருவில் வந்து நின்றோம். காற்று அறைந்தது.

"யாரும் கூப்பிடலையே" என்றாள்.

"இரு. பழுக்கட்டும்."

"என்ன பழுக்கணும்?"

"அந்தப் பொண்ணு. இப்ப உள்ள நின்னு யோசிச்சிட்டிருப்பா. கால் மணி நேரம் விட்டுட்டுப் போனா அவளே பேசுவா."

பக்கத்துச் சலவைக் கடையின் வெளிச்சுவரில் சூடான காற்று வரும் குழாய் இருந்தது. அதற்குக் கீழே நின்றோம். அவள் காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். நான் அவளுக்கு எங்கள் குடும்ப வெற்றிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் அவள் ஏற்கெனவே கேட்டவை. இடையில் சிவப்புத் தோள்பை போட்ட ஒரு பெண், அந்தக் கடையின் காகிதப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள்.

"பாரு, சொன்ன விலையைக் கொடுத்துட்டுப் போகுது ஒரு ஆத்மா" என்றேன்.

மனைவி சிரிக்கவில்லை. கால் மணி ஆனதும் உள்ளே போனோம். மேஜை காலியாக இருந்தது.

"அந்தக் கறுப்பு ஒண்ணு வச்சிருந்தீங்களே" என்று ஏதோ யோசித்து மனசு மாறினவன் மாதிரி ஆரம்பித்தேன்.

"போயிடுச்சே சார். இப்பத்தான், ஒரு பத்து நிமிஷம்."

"வேற ஒண்ணு எடும்மா. உள்ள இருக்கும்."

"உள்ளன்னு ஒண்ணு இல்ல சார். சுவத்துல இருக்கிறதுதான் கடை. ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னேனே."

"நீ நிஜமாச் சொல்றேன்னு நான் நினைக்கலைம்மா."

அவள் கேலியாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள்: "பின்ன எதுக்கு சார் சொல்வாங்க?"

என் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் திட்டு என்பது பேரத்தின் ஆரம்பம். அதிலிருந்து மெல்ல இறங்கி வரலாம். அவள் சுவரில் காலியாகத் தொங்கிய கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிவப்புத் தோள்பை ஞாபகம் வந்தது. ஓடினேன்.

பேருந்து நிறுத்தத்தில் ஆறேழு பேர் நின்றார்கள். சிவப்புப் பை ஓரத்தில் நின்றது. எனக்கு மூச்சு வாங்கியது. என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு பேச நேரமில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம். உங்க லெக்கிங்ஸை எனக்குக் கொடுத்துடுறீங்களா?"

நிறுத்தம் மொத்தமும் திரும்பியது. அந்தப் பெண் முதலில் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன கேட்டீங்க?"

"போட்டிருக்கிறதை இல்லம்மா. பையில இருக்கிறதை."

அது விஷயத்தை ஒன்றும் சரிசெய்யவில்லை. குடை வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றார். குடையை இன்னும் விரிக்கவில்லை. எதற்காகப் பிடித்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"என் சம்சாரத்துக்குங்க" என்றேன் பெரியவரிடம். "விலைக்கு மேல தர்றேன். அம்மா, நீங்களே ஒரு விலை சொல்லுங்க."

நீங்களே ஒரு விலை சொல்லுங்க. எங்கள் வம்சத்தில் யார் வாயிலிருந்தும் வராத வாக்கியம். சொல்லி முடித்ததும் வாய் கசந்தது.

"விக்கிறதுக்கா வாங்கினேன்? போட்டுக்கத்தான் வாங்கினேன்" என்றாள் அவள்.

அதற்குள் என் மனைவி வந்து சேர்ந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். வந்து, நாலே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்: கிடங்கு, கால், திங்கட்கிழமை, இவர் என் வீட்டுக்காரர். பெரியவர் குடையைத் தாழ்த்தினார்.

சிவப்புப் பைக்காரி பொறுமையாகக் கேட்டாள். "நான் மீன் சந்தையில ஐஸ் உடைக்கிறேங்க. விடிய நாலு மணிக்கெல்லாம் தண்ணியில நிக்கணும். மூணு மாசமா இதைத் தொட்டுப் பார்த்துட்டுப் பார்த்துட்டுத் திரும்பிப் போவேன். இன்னைக்குத்தான் மனசு வந்து எடுத்தேன்." பிறகு மனைவியை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கும் மீடியமா?"

"மீடியம்தான்."

"என் அளவுதான் நீங்களும்."

இரண்டு பேரும் ஒருவர் தொடையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேருந்து வந்தது. அவள் படியில் ஏறித் திரும்பி, "கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. நல்லபடியா போட்டுக்கோங்க" என்றாள் என் மனைவி.

கடைக்குத் திரும்பியபோது மூட அரை மணி நேரம் இருந்தது. விற்பனைப் பெண் எங்களைப் பார்த்ததும், நான் கேட்காமலேயே சுவரிலிருந்து இருந்ததையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்தாள். இருநூற்றைம்பதில் ஸ்மால். நூற்றைம்பதில் மீடியம். ஆண்களுக்கான இருநூற்றைம்பது, முன்பக்கம் திறப்பு வைத்தது. பிறகு பாதி பாலியெஸ்டர் கலந்த ஒன்று. அதை வைத்த கையோடு அவளே திரும்ப எடுத்துவிட்டாள். "இது வேணாம். காசை வாங்கிட்டுக் குளிரையும் கொடுத்த மாதிரி ஆயிடும்."

நான் ஸ்மாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "இழுத்தா வரும். துணி கொடுக்கும்."

"கொடுக்கும் சார், ஆனா இறுக்கினா ரத்தம் ஓடாது. கால் இன்னும் சீக்கிரம் மரத்துடும்."

"அப்ப ஆம்பளைங்களோடது?"

"இடுப்புல நிக்காது, பின்னால பத்தாது. குனிஞ்சா காத்து போகும்."

"மெல்லிசை ரெண்டாப் போட்டா?"

"ரெண்டு இருந்தா போடலாம். ஒண்ணுதான் இருக்கு." என்னைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "நிஜமாவே ஒண்ணுதான் சார்."

ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒன்று கனமாக இருந்தால் அளவு இல்லை, அளவு இருந்தால் கனமில்லை. துணி பார்த்தே பிழைத்த குடும்பத்தின் மூன்றாவது தலைமுறை, நாலு உருப்படிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

மனைவி என் கையிலிருந்ததை மெதுவாக வாங்கினாள். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள்.

"நான் எதுக்கு..."

"நில்லுங்க."

சலவைக் கடைக் குழாய்க்குக் கீழே போய் நிற்கவில்லை; அந்தச் சூடு எனக்கு எதற்கு. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். விற்பனைப் பெண் மறுபடி அளந்தாள், ஒரு தடவை உட்காரச் சொன்னாள், ஒரு தடவை குனியச் சொன்னாள். நடுவில் என்னமோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும். அந்தச் சிரிப்புக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

வெளியே வந்து, "மெல்லிசு எடுத்துட்டேன். அளவு சரியா இருந்தா மெல்லிசுகூடத் தாங்கும்னு அந்தப் பொண்ணு சொன்னா" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "தாங்கலாம்னு சொன்னா" என்று திருத்தினாள்.

திங்கட்கிழமை நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க என்று கேட்டாள். இருந்தும் போனேன். குளிர்கிடங்கின் வாசலில் காவலாளிக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. அவர் எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் முற்றத்துக்கு அந்தப் பக்கம் வெப்ப அறையின் ஜன்னல் தெரியும். அதற்குப் பக்கத்தில் குளிரறையின் இரும்புக் கதவு. சுற்று முடிந்தால் கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரியும், எல்லாரும் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு வெளியே வருவார்கள்.

முதல் சுற்று முடிந்து வந்தாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். இரண்டாவது முடிந்ததும் இரண்டு விரல். காவலாளி, "அப்புறம் என்ன சார், நீலம்தான்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. மனசுக்குள் அந்த மெல்லிசு லெக்கிங்ஸுக்கு ஒரு விலை ஏற்றினேன், பிறகு இன்னொரு மடங்கு ஏற்றினேன்.

மூன்றாவது முடிந்து வந்தவள் விரல் காட்டவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபோர்க்லிஃப்ட் அக்கா தரையில் மண்டி போட்டு அவள் கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது, என் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? எழுந்து போய்க் குளிரோடு பேசி இரண்டு டிகிரி ஏற்றிவிட முடியுமா?

நாலாவது சுற்றுக்கு உள்ளே போனார்கள். காவலாளியின் கூண்டிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்றாவது நிமிஷம் கதவு திறந்தது. பச்சை விளக்கு எரியவில்லை. கடிகாரக்காரர் என் மனைவியைக் கையைப் பிடித்து நடத்திக் கொண்டு வந்தார்.

இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

கம்பெனி உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக் கோட்டும் அந்த மெல்லிசு லெக்கிங்ஸுமாக அவள் வாசலுக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று. கடிகாரக்காரரும் கூட வந்தார். நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், பன்னண்டே நிமிஷம்."

"தெரியும் சார். நான்தான் பார்த்தேன்."

"மொத்தத்துல பாருங்க. மூணு சுத்து முழுசு. நாலாவதுலயும் முக்கால்வாசி நின்னிருக்கா."

"ஆமாம் சார்."

"அடுத்த வாரம் அரைமணி கூடவே நிப்பா. வேற துணி வாங்கிடுவோம். இந்தப் பன்னண்டுல ஒரு அஞ்சு நீங்க விட்டுக்கொடுங்க, மீதி ஏழுக்கு..."

நிறுத்திக்கொண்டேன். மீதி ஏழுக்கு வைக்க என் பக்கம் ஒன்றும் இல்லை.

அவர் நல்ல மனிதர். மணிக்கட்டைப் பார்க்காமல் பேச முயன்றார். "இது நான் வச்ச விலை இல்லை சார். அவங்க ரெண்டு தடவை தடுமாறினாங்க. மூணாவது தடவை விழுந்திருப்பாங்க, மேல இருந்து பெட்டியும் விழுந்திருக்கும். நான் எப்படி சார் மறுபடி உள்ள அனுப்புவேன்?"

மனைவி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள். மஞ்சள் நாடா கொஞ்சம் முடியில் சிக்கிக்கொண்டது. பொறுமையாக எடுத்து, நாடாவை அட்டையைச் சுற்றிச் சுற்றி, அவர் கையில் கொடுத்தாள். ரொம்ப நன்றி சார் என்றாள். திரும்பித் தெருவைப் பார்த்து நடந்தாள்.

நான் அவரோடு நின்றுவிட்டேன். ஏனென்றால், சரியாகத்தான் செய்கிறாள் என்று தோன்றியது. கெஞ்சாமல், திரும்பிப் பார்க்காமல், முதுகு நிமிர்ந்து. அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைத்தாள். நாலு. ஐந்து. அவர் முகத்தையே பார்த்தேன். ஏழாம் அடியில் அவர் வாயைத் திறக்கிற மாதிரி இருந்தது, பெருமூச்சுதான். பத்தாம் அடியில் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டில், "வரேன் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். இரும்புக் கதவு மூடியது.

அவள் தெருமுனையில் நின்று திரும்பினாள்.

"என்னங்க, வாங்க. கூப்பிட மாட்டாங்க."

பேருந்து நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அவளைப் பலகையில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்தேன். கணுக்காலிலிருந்து மேலே, முட்டியிலிருந்து கீழே. விரல் சும்மா இருக்காதே. தேய்த்துக்கொண்டே துணியைக் கிள்ளி உருட்டிப் பார்த்தது. மெல்லிசுதான். ஆனால் நூல் அதே நூல். தையல் ஒன்றும் பிரியவில்லை, எங்கேயும் தளரவில்லை, வேர்வை பட்ட ஈரம்கூட இல்லை. அது தன் பங்கைச் செய்திருந்தது.

"நல்ல துணி" என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக, வாய்விட்டு.

"அன்னைக்கே சொன்னேனே. நீங்கதான் காலை மிதிச்சீங்க."

"எந்தக் காலை?"

"இதைத்தான்."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பேருந்து வரும் வழியில் ஒன்றும் தெரியவில்லை.

"இப்ப கால் இருக்கிறது தெரியுதா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து என் கையைப் பார்த்தாள். தன் காலின்மேல்தான் இருக்கிறதா என்று சரிபார்க்கிறவள் மாதிரி.

"இன்னும் இல்லை" என்றாள்.